ஒப்புதல் இல்லாத வளர்ச்சி நீடிக்காது

2013ஆம் ஆண்டு ஜூலை 18 தொடங்கி ஆகஸ்ட் 19 வரை, ஒடிசாவின் ராயகடா, காலாஹண்டி மாவட்டங்களைச் சேர்ந்த பன்னிரண்டு மலைச் சிற்றூர்களில் கிராம சபைகள் கூடின. உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி, மாவட்ட நீதிபதி நிலையிலுள்ள நீதித்துறை அலுவலர் அந்தக் கூட்டங்களை நேரில் கண்காணித்தார். நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வந்தால் தங்கள் வன உரிமையும் வழிபாட்டு உரிமையும் பாதிக்கப்படுமா என்பதை மக்களே முடிவு செய்ய வேண்டும் என்று அவ்வாண்டு ஏப்ரல் 18 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. டோங்ரியா கோந்த் பழங்குடியினரும் அவர்களோடு வாழும் பிற ஏழை விவசாயிகளும் பன்னிரண்டு சபைகளிலும் ஒருமனதாகச் சுரங்கம் கூடாது என்று தீர்மானித்தனர்.

எதிரில் நின்றது வேதாந்தா என்னும் பெரும் நிறுவனம். மலையின் உச்சியில் ஏறத்தாழ 660 ஹெக்டேர் வன நிலம் கையில் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில், அடிவாரத்து லாஞ்சிகரில் அலுமினா ஆலையை முன்கூட்டியே கட்டி முடித்திருந்தது. மாநில அரசு அதன் பக்கம் நின்றது. ஆயினும் 2014 ஜனவரியில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் அந்தத் திட்டத்தை நிராகரிக்க வேண்டியதாயிற்று. பாக்சைட் படிந்த அந்த மலையுச்சி மழைநீரை உறிஞ்சி வைத்து, வறண்ட மாதங்களிலும் ஓடைகளாக வெளியிடுகிறது. அந்த ஓடைகள் இன்றும் வம்சதாரா ஆற்றுக்கு நீர் தருகின்றன.

பல்லாண்டுகால மக்கள் போராட்டம் இல்லாமல் இந்த வெற்றி கிடைத்திருக்காது. அதேவேளை, அந்தப் போராட்டம் கையிலெடுக்க ஒரு சட்டமும் இருந்தது. அதுதான் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். அந்தச் சட்டம் மக்களுக்கு அளித்த ஒப்புதல் உரிமை, கடந்த பத்தாண்டுகளில் திருத்தங்கள், விதிகள், சுற்றறிக்கைகள் வழியாகப் படிப்படியாகப் பறிக்கப்பட்டு வருகிறது. சட்டமும் கொள்கையும் நீடித்த வளர்ச்சிக்கு எவ்வாறு துணை நிற்க முடியும் என்ற கேள்விக்கு, இந்தியக் காடுகளின் அனுபவத்தைப் போலத் தெளிவான விடை வேறு இல்லை.

நீடித்த வளர்ச்சி என்பது யாருக்கு?

‘நீடித்த வளர்ச்சி’, ‘வளங்குன்றா வளர்ச்சி’ என்ற சொற்கள் இன்று உலக வங்கியின் அறிக்கையிலும் உண்டு. சுரங்க நிறுவனத்தின் விளம்பரத்திலும் உண்டு. 1987இல் வெளியான புருண்ட்லாண்ட் ஆணையத்தின் அறிக்கை இந்தக் கருத்தை உலக அளவில் பரவச் செய்தது. இன்றைய தலைமுறை தன் தேவைகளை நிறைவேற்றிக் கொள்ளும்போது, வருங்காலத் தலைமுறைகளின் வாய்ப்புகளை அழித்துவிடக் கூடாது என்பதே அதன் சாரம். இதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஒரு சமூகம் முழுவதும் சேர்ந்தாலும் அது பூமியின் உரிமையாளர் ஆகிவிடாது, அடுத்த தலைமுறைக்கு அதை மேம்படுத்திக் கையளிக்கக் கடமைப்பட்ட பொறுப்பாளர் மட்டுமே என்ற கருத்தை மார்க்ஸ் ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் முன்வைத்துவிட்டார்.

மாறுபாடு வேறிடத்தில் உள்ளது. ‘இன்றைய தலைமுறை’ என்று பொதுவாகச் சொல்லும்போது, அந்தத் தலைமுறைக்குள் இருக்கும் வர்க்கப் பிளவு மறைந்து போகிறது. காட்டின் கீழே உள்ள நிலக்கரியால் இலாபம் பெறுபவர் ஒருவர். காட்டை இழப்பவர் வேறொருவர். இலாபம் இந்த ஆண்டுக் கணக்கில் வருகிறது. இழப்போ ஓடை வற்றுவதாகவும், யானை ஊருக்குள் வருவதாகவும், இளைஞர்கள் கூலி தேடி நகரங்களுக்கு ஓடுவதாகவும் பல ஆண்டுகளுக்குப் பரவுகிறது. இழப்பைச் சுமக்கப் போகிறவர்களுக்கு முடிவெடுப்பதில் பங்கு இருந்தால்தான் அந்த இழப்பு கணக்கில் ஏறும். எனவே எந்தவொரு சுற்றுச்சூழல் சட்டத்தையும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது முடிவெடுக்கும் அதிகாரத்தை யாரிடம் வைக்கிறது என்பதே.

விறகு பொறுக்கியவர் திருடரான வரலாறு

1842இல், இருபத்து நான்கு வயதான மார்க்ஸ் ‘ரைனிஷே சைட்டுங்’ இதழில் ஒரு கட்டுரைத் தொடர் எழுதினார். காட்டில் தானே விழுந்து கிடக்கும் சுள்ளியை ஏழைகள் பொறுக்குவதைத் திருட்டு என்று அறிவிக்கும் சட்டம் குறித்து ரைன் மாகாணச் சட்டமன்றத்தில் நடந்த விவாதமே அதன் பொருள். மரபாக இருந்த ஒரு வாழ்வுரிமையை, வன உரிமையாளரின் தனிச்சொத்தாக மாற்றும் வேலையைச் சட்டம் செய்தது. பொருளாதாரக் கேள்விகளின் பக்கம் தம்மை முதன்முதலில் திருப்பியவற்றுள் இந்த விவாதமும் ஒன்று என்று மார்க்ஸ் பிற்காலத்தில் குறிப்பிட்டார்.

அடுத்த சில பத்தாண்டுகளில் அதே வேலையை மிகப் பெரிய அளவில் இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சி செய்தது. 1864இல் வனத்துறை உருவாயிற்று. இருப்புப் பாதை அமைக்கக் கட்டைகளும் கப்பல் கட்டத் தேக்கும் தேவைப்பட்டன. 1865, 1878, 1927 ஆகிய ஆண்டுகளின் வனச் சட்டங்கள் நாட்டின் காடுகளை அரசின் சொத்தாக்கின. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள். நாடு விடுதலை பெற்றபின்னும் 1927ஆம் ஆண்டுச் சட்டம் நீடித்தது, இன்றும் நீடிக்கிறது.

இந்த அமைப்பு எத்தகைய கொடுமையைப் பெற்றெடுக்கும் என்பதை அறியத் தமிழ் வாசகர்கள் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்திக்குள் நுழைந்தனர். பழங்குடிப் பெண்கள் பதினெட்டுப் பேர் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாயினர், ஊரே சூறையாடப்பட்டது. பழங்குடி மக்கள் சங்கமும் இடதுசாரி இயக்கமும் பின்வாங்காமல் நடத்திய போராட்டத்தின் பயனாக, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிருடன் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29இல் தீர்ப்பு வந்தது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29இல் சென்னை உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. வன மக்களைக் குற்றவாளிகளாகவே பார்க்கும் சட்டமும் நிர்வாகமும் காட்டையும் காக்கவில்லை, மக்களையும் காக்கவில்லை என்பதற்கு வாச்சாத்தி சான்று.

2006இல் நிகழ்ந்த திருப்பம்

2002ஆம் ஆண்டு மே மாதத்தில், வன ஆக்கிரமிப்புகளை அகற்றுமாறு வாஜ்பாய் ஆட்சியின் சுற்றுச்சூழல் அமைச்சகம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. பல மாநிலங்களில் குடிசைகள் இடிக்கப்பட்டன, பயிர்கள் அழிக்கப்பட்டன. அதற்கு எதிராக நாடெங்கும் எழுந்த பழங்குடி மக்களின் கிளர்ச்சியும், இடதுசாரிகளின் ஆதரவைச் சார்ந்திருந்த முதலாவது ஐக்கிய முற்போக்குக் கூட்டணி ஆட்சியின் நிலைமையும் சேர்ந்தே வன உரிமைச் சட்டத்தைப் பெற்றுத் தந்தன.

அந்தச் சட்டம் அப்படியே கிடைத்துவிடவில்லை. அரசு முதலில் கொண்டுவந்த முன்வரைவில், 1980ஆம் ஆண்டுக்கு முன்பிருந்து காட்டில் வாழும் பழங்குடியினருக்கு மட்டுமே உரிமை என்றிருந்தது. நாடாளுமன்றக் கூட்டுக்குழுவிலும் வெளியிலும் நடந்த போராட்டத்தின் விளைவாகவே அந்த நாள் 2005 டிசம்பர் 13 என மாற்றப்பட்டது. பழங்குடியினர் அல்லாத, பரம்பரையாகக் காட்டைச் சார்ந்து வாழும் மக்களும் சேர்க்கப்பட்டனர்.

சட்டம் வழங்கியவற்றில் பட்டா பற்றியே அதிகம் பேசப்படுகிறது. நான்கு ஹெக்டேர் வரை பயிரிடும் நிலத்துக்குத் தனிநபர் உரிமை என்பது முக்கியமானதுதான். அதனினும் ஆழமானது, தம் பாரம்பரிய எல்லைக்குள் உள்ள வனவளத்தைப் பாதுகாக்கவும், புதுப்பிக்கவும், நிர்வகிக்கவும் ஊர்ச் சமூகம் முழுவதற்கும் கிடைத்த உரிமை. உரிமைகளைத் தீர்மானிக்கும் பணியைத் தொடங்குவது கிராம சபை. அப்பணி முடியும்வரை எவரையும் வெளியேற்ற முடியாது. இதன் தொடர்ச்சியாகவே, வன நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கிராம சபையின் ஒப்புதல் கட்டாயம் என்று 2009 ஆகஸ்ட் 3இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் சுற்றறிக்கை வெளியிட்டது. நியமகிரிக்குத் தோள் கொடுத்தது இந்த ஏற்பாடே.

மேந்தா லேகா காட்டிய வழி

மக்களிடம் காட்டை விட்டால் அழித்துவிடுவார்கள் என்ற வாதத்துக்கு மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்திலுள்ள மேந்தா லேகா விடை சொல்கிறது. கோண்டு பழங்குடியினர் வாழும் இந்தச் சிற்றூர், ஏறத்தாழ 1,800 ஹெக்டேர் காட்டின் மீதான சமூக வன உரிமையை 2009இல் பெற்றது. நாட்டிலேயே இவ்வுரிமையை முதலில் பெற்ற ஊர்களில் இதுவும் ஒன்று.

உரிமை ஆவணம் கைக்கு வந்தும் மூங்கிலை விற்க முடியவில்லை. மூங்கில் சிறுவன மகசூல் என்கிறது வன உரிமைச் சட்டம். வனத்துறையோ பழைய சட்டத்தைக் காட்டி, அது மரம் என்றது. எடுத்துச் செல்லும் அனுமதிச் சீட்டைத் தர மறுத்தது. பல்லாண்டுகளாக அம்மாவட்டத்து மூங்கில் மலிவு விலையில் காகித ஆலைக்குக் குத்தகையாகப் போய்க்கொண்டிருந்தபோது எழாத பாதுகாப்புக் கவலை, ஊர்மக்கள் விற்கத் தொடங்கியபோது எழுந்தது. போராட்டத்துக்குப் பின், 2011 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரே நேரில் வந்து அனுமதிச் சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபையிடம் ஒப்படைத்தார். அதன்பின் மூங்கிலை எப்போது வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது, யாருக்கு விற்பது என்பதைச் சபையே முடிவு செய்கிறது. வெட்டும் தொழிலாளிக்குக் கூலியும் ஊருக்கு வருமானமும் கிடைக்கின்றன.

நீடித்த வளர்ச்சி என்பதற்கு நாம் காட்டக்கூடிய எடுத்துக்காட்டு இது. அடுத்த ஆண்டும் வெட்ட மூங்கில் இருக்க வேண்டும் என்ற அக்கறை, அடுத்த ஆண்டும் அங்கேயே வாழப் போகிறவருக்குத்தான் இயல்பாக வரும்.

விதிகள் வழியாக நடக்கும் பறிப்பு

இந்த உரிமையை நாடாளுமன்றத்தில் நேருக்கு நேர் ரத்து செய்ய எந்த அரசும் துணியவில்லை. அதனைப் பக்கவாட்டில் அறுக்கும் வேலை நடக்கிறது. சாலை, மின்தடம் போன்ற நீள்வடிவத் திட்டங்களுக்குக் கிராம சபை ஒப்புதலிலிருந்து விலக்கு அளித்தது 2013 பிப்ரவரியில் மன்மோகன் சிங் அரசு. மோடி அரசு வெகுதூரம் சென்றது.

2022 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட வனப் பாதுகாப்பு விதிகளின்படி, வன உரிமைகள் தீர்க்கப்பட்டனவா என்று பாராமலேயே ஒன்றிய அரசு தன் இறுதி அனுமதியை அளித்துவிடலாம். உரிமைகளைக் கவனிக்கும் பொறுப்பு அதன்பின் மாநில அரசைச் சேரும். நிறுவனத்திடம் பணம் வாங்கி, அனுமதியும் கொடுத்தபின் ஊர்மக்களிடம் போய் ‘சம்மதமா?’ என்று கேட்பதில் என்ன பொருள் இருக்க முடியும்? தேசியப் பழங்குடியினர் ஆணையமே இவ்விதிகளை நிறுத்தி வைக்குமாறு கோரியது. அமைச்சகம் செவிசாய்க்கவில்லை.

2023இல் வனப் பாதுகாப்புச் சட்டமே திருத்தப்பட்டது. பெயர்கூட இந்தியில் மாற்றப்பட்டது. பன்னாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள், நாட்டின் பாதுகாப்பு தொடர்பான நீள்வடிவத் திட்டங்களுக்கு அச்சட்டத்திலிருந்து விலக்கு. வடகிழக்கு மாநிலங்களின் பெரும்பகுதி இந்த எல்லைக்குள் அடங்கிவிடும். மிசோரம் சட்டமன்றம் இதனை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அரசுப் பதிவேடுகளில் காடு என்று குறிக்கப்படாத காடுகள் பாதுகாப்பை இழக்கும் நிலை உருவானது. காடு என்பதற்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும் என்று 1996இல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை இத்திருத்தம் வெட்டிச் சுருக்கியது. 2024 பிப்ரவரியில் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு வந்த பிறகே பழைய பொருள் தற்காலிகமாக மீண்டது.

‘மாற்றுக் காடு வளர்ப்பு’ என்பது இந்தப் பறிப்பின் மறுபக்கம். அழிக்கும் காட்டுக்கு ஈடாக வேறிடத்தில் மரம் நடலாம் என்ற ஏற்பாடு இது. 2006 முதல் 2012 வரையிலான காலத்தை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், ஈடாக ஒப்படைக்கப்பட வேண்டிய வனம் அல்லாத நிலத்தில் 27 விழுக்காடு மட்டுமே வந்து சேர்ந்தது என்று 2013இல் அறிக்கையளித்தார். 2016இல் இதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. 2019இல் 47 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் மாநிலங்களுக்குச் சென்றது. அந்தப் பணத்தின் மீது கிராம சபைக்கு அதிகாரம் அளிக்க வேண்டும் என்ற கோரிக்கை புறக்கணிக்கப்பட்டது. விளைவாக, பழங்குடியினர் பயிரிடும் நிலத்திலேயே தேக்கையும் தைலமரத்தையும் நட்டுவிட்டுக் காடு வளர்ந்ததாகக் கணக்கு எழுத முடிகிறது. கிரேட் நிக்கோபார் தீவில் துறைமுகத்துக்கும் நகரியத்துக்கும் ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டைக் கொடுக்க 2022இல் அனுமதி அளிக்கப்பட்டபோது, அதற்கு ஈடான மரங்கள் ஹரியானாவில் நடப்படும் என்றார்கள். ஷோம்பென், நிக்கோபாரி மக்களின் காட்டுக்கு ஹரியானாவில் ஈடு!

அபராதம் கட்டினால் போதுமா?

இதே போக்கு வனத்துக்கு வெளியிலும் காணப்படுகிறது. போபால் நச்சுவாயுப் படுகொலைக்குப் பின், 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மீறுவோருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்று அது கூறியது. 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் அதனை மாற்றி, 10 ஆயிரம் முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதமாக்கிவிட்டது. இனிச் சிறை என்பது அபராதத்தைக் கட்டத் தவறியவருக்கே. ஆயிரக்கணக்கான கோடி முதலீடு செய்யும் நிறுவனத்துக்கு 15 லட்சம் ரூபாய் தண்டனையா, கட்டணமா?

2020இல் வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு, அனுமதியின்றித் தொடங்கிய திட்டங்களுக்குப் பின்னர் அனுமதி அளிக்க வழி செய்தது. மக்கள் கருத்துக் கேட்புக்கான அவகாசத்தை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைத்தது. அந்த வரைவை மக்களின் மொழிகளில் வெளியிடுமாறு தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. நாடு முழுதும் எழுந்த எதிர்ப்பால் வரைவு சட்டமாகவில்லை. ஆயினும் பின்னேற்பு அனுமதி, அமைச்சகத்தின் அறிவிக்கை, குறிப்பாணை வழியாகவே தொடர்ந்தது. 2025 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாது என்றது. அதே ஆண்டு நவம்பர் 18 அன்று இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தன் தீர்ப்பைத் தானே திரும்பப் பெற்றது. நீதிமன்றத்தை மட்டுமே நம்பியிருக்க முடியாது என்பதை இந்த ஆறு மாதங்கள் நமக்கு உணர்த்துகின்றன.

“வளர்ச்சி வேண்டாமா?”

இந்தக் கேள்வி எதிரிகளிடமிருந்து மட்டும் வருவதில்லை. நம் தொழிற்சங்கத் தோழர்களும் கேட்கிறார்கள். மின்சாரம் இல்லாமல் ஆலை ஓடாது. நிலக்கரி இல்லாமல் இன்றைக்கு மின்சாரம் போதாது. வேலையற்ற இளைஞருக்குச் சுரங்கமும் ஒரு வேலைதான். இதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ஏழை நாட்டு மக்களிடம் ‘வளராதீர்கள்’ என்று சொல்லும் உரிமை, நூற்றாண்டுகளாக வளிமண்டலத்தை மாசுபடுத்திச் செல்வம் சேர்த்த நாடுகளுக்கு இல்லை. இந்தியாவுக்குத் தொழில் வளர்ச்சி வேண்டும், மின்சாரம் வேண்டும், வேலை வேண்டும்.

ஆனால் சத்தீஸ்கரின் ஹஸ்தேவ் காட்டில் என்ன நடந்தது என்று பார்ப்போம். யானைகளின் வழித்தடமான இந்த அடர்காடு, 2009இல் நிலக்கரி, சுற்றுச்சூழல் அமைச்சகங்கள் கூட்டாக நடத்திய ஆய்வில் சுரங்கம் கூடாத பகுதியாக வகைப்படுத்தப்பட்டது. 2011இல் வன ஆலோசனைக் குழுவும் அனுமதி கூடாது என்றது. அமைச்சர் அதனை மீறி அனுமதித்தார். சுரங்கம் ராஜஸ்தான் அரசு மின் நிறுவனத்தின் பெயரில். தோண்டி எடுப்பது அதானி குழுமம். காட்பர்ரா கிராமத்துக்கு 2013இல் வழங்கிய சமூக வன உரிமையை 2016 ஜனவரியில் மாவட்டக் குழு ரத்து செய்தது. அந்த உரிமையைக் காட்டி மக்கள் சுரங்கப் பணியைத் தடுக்கிறார்கள் என்பதே சொல்லப்பட்ட காரணம்! வழங்கிய உரிமையை இவ்வாறு ரத்து செய்ய வன உரிமைச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை.

2021 அக்டோபரில் மக்கள் 300 கிலோமீட்டர் நடந்து ராய்ப்பூர் சென்றனர். கிராம சபையின் ஒப்புதல் போலியாகத் தயாரிக்கப்பட்டது என்பது அவர்களின் முறையீடு. மறு ஆண்டில் காங்கிரஸ் அரசும் வன நிலத்துக்கு அனுமதி கொடுத்தது; எதிர்ப்பு பெருகியபின், சட்டமன்றம் 2022 ஜூலையில் புதிய சுரங்கங்களுக்கு எதிராக ஒருமனதாகத் தீர்மானம் இயற்றியது. 2023 டிசம்பரில் பாஜக ஆட்சிக்கு வந்த சில நாட்களிலேயே போலீஸ் காவலுடன் மரங்கள் வெட்டப்பட்டன. இத்தனைக்கும், இயங்கிவரும் சுரங்கத்தில் உள்ள நிலக்கரியே அந்த மின் நிலையங்களுக்கு இருபது ஆண்டு போதும் என்று அதே ஆண்டு ஜூலையில் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்திருந்தது.

ஆக, ‘மின்சாரமா, காடா’ என்ற கேள்வியை மக்கள் எதிர்கொள்ளவே இல்லை. எந்தச் சுரங்கம், எவ்வளவு ஆழம், எந்தக் காட்டை விட்டு வைப்பது, வேலை யாருக்கு என்ற கேள்விகள் வெளிப்படையாக விவாதிக்கப்பட்டிருந்தால் வேறு விடைகள் கிடைத்திருக்கும். விவாதத்தைத் தவிர்க்கவே ஒப்புதல் போலியாக்கப்படுகிறது. நிலம் எடுப்பதில் மக்களின் ஒப்புதலைப் பெறத் தவறினால், நல்ல நோக்கமுடைய தொழில் திட்டமும் தோற்கும் என்பது சிங்கூர், நந்திகிராம் அனுபவங்களில் இடதுசாரிகளான நாமும் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம். அதை மறைப்பதால் பயனில்லை.

நாம் கோர வேண்டியவை

ஒன்று: கிராம சபையின் முன்னொப்புதல், சுற்றறிக்கையாக அல்லாமல் சட்டப் பிரிவாகவே இடம்பெற வேண்டும். ஒன்றிய அரசின் முதற்கட்ட அனுமதிக்கும் முன்பே அது பெறப்பட வேண்டும். 2022ஆம் ஆண்டு விதிகளும் 2023ஆம் ஆண்டுத் திருத்தமும் திரும்பப் பெறப்பட வேண்டும்.

இரண்டு: தாக்க மதிப்பீட்டை எழுதும் ஆலோசகருக்கு இன்று திட்டம் தொடங்கும் நிறுவனமே ஊதியம் தருகிறது. இந்த முறை ஒழிய வேண்டும். பொது நிதியத்தின் கீழ் இயங்கும் சுதந்திரமான அமைப்பு மதிப்பீடு செய்ய வேண்டும். அறிக்கை முழுவதும் வட்டார மொழியில், கருத்துக் கேட்புக்கு முன்பே கிடைக்க வேண்டும்.

மூன்று: மாற்றுக் காடு வளர்ப்பு நிதியைச் செலவிடும் அதிகாரம் கிராம சபைகளுக்கு வேண்டும். சிறுவன மகசூலுக்குக் கட்டுப்படியாகும் குறைந்தபட்ச ஆதரவு விலையும் அரசுக் கொள்முதலும் வேண்டும். காட்டிலிருந்து வாழ வருமானம் கிடைக்கும்போதே காடு நிலைக்கும்.

நான்கு: சுற்றுச்சூழல் குற்றத்துக்கு நிறுவன இயக்குநர்கள் மீது குற்றவியல் பொறுப்பு மீண்டும் கொண்டுவரப்பட வேண்டும்.

ஐந்து: நிலக்கரியிலிருந்து மாறும் காலத்தின் சுமை தொழிலாளர் தலையில் விழக் கூடாது. சுரங்கம் மூடப்படும் பகுதியில் மாற்று வேலை, மறுபயிற்சி, ஓய்வூதியம் ஆகியவை சட்டப்பூர்வமாக்கப்பட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் அவை உரியவை. இது இல்லாவிட்டால், தொழிலாளியும் பழங்குடியினரும் எதிரெதிராக நிறுத்தப்படுவார்கள். இருவரையும் சுரண்டுபவர் வேடிக்கை பார்ப்பார்.

நமது கடமை

நம்மிடையே இரண்டு தவறான பார்வைகள் உள்ளன. முதலாளித்துவ அரசின் சட்டம்தானே, அதனால் என்ன ஆகிவிடும் என்பது ஒன்று. பத்து மணி நேர வேலைச் சட்டத்தை மார்க்ஸ் அப்படிப் பார்க்கவில்லை. தொழிலாளி வர்க்கத்தின் பொருளாதாரக் கோட்பாடு பெற்ற வெற்றியாகவே கருதினார். சட்டம் என்பது அந்தந்தக் காலத்து வர்க்கச் சக்திகளின் பலநிலையைக் காட்டும் பதிவு. 2006இல் நமக்கு வலிமை இருந்தது. அது சட்டத்தில் பதிந்தது.

சட்டம் வந்துவிட்டது, வேலை முடிந்தது என்பது மற்றொரு தவறு. இதனை நாம் அதிகம் செய்திருக்கிறோம். நாடு முழுதும் தாக்கலான வன உரிமைக் கோரிக்கைகளில் ஏறக்குறையப் பாதிக்கே இதுவரை உரிமை ஆவணம் கிடைத்துள்ளது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிராகரிக்கப்பட்டுள்ளன. 2019 பிப்ரவரி 13இல், நிராகரிக்கப்பட்ட பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை வெளியேற்றுமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாடு கொதித்தெழுந்ததால் பிப்ரவரி 28இல் அது நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தக் கத்தி இன்னும் தொங்கிக்கொண்டே இருக்கிறது.

எனவே வனப்பகுதிகளில் உள்ள கிளைகள் உடனடியாகச் செய்யக்கூடியவை பல. தனிநபர் கோரிக்கையோடு நின்றுவிடாமல், சமூக உரிமைக்கும் சமூக வனவள உரிமைக்கும் தனித்தனிப் படிவங்கள் உண்டு என்பதை ஒவ்வோர் ஊரிலும் விளக்க வேண்டும். வன உரிமைக்கான கிராம சபைக் கூட்டத்தில் குறைந்தது பாதிப்பேர் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது விதி. அந்த எண்ணிக்கையை உறுதி செய்வதும், தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் பெறுவதும், அதன் நகலைச் சங்க அலுவலகத்தில் காப்பதும் சிறு வேலைகளாகத் தோன்றலாம். ஹஸ்தேவில் போலித் தீர்மானத்தை எதிர்கொண்ட மக்களைக் கேட்டால் அவற்றின் மதிப்பைச் சொல்வார்கள். நிராகரிக்கப்பட்டவர்களுக்கு எழுத்து மூலம் காரணம் கேட்டு, மேல்முறையீடு செய்ய உதவ வேண்டும்.

நகரங்களிலும் ஆலைப் பகுதிகளிலும் பணியாற்றும் தோழர்களுக்கும் இதில் பங்குண்டு. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் எங்கு அறிவிக்கப்பட்டாலும், அறிக்கையை முன்கூட்டியே பெற்றுப் படித்து, தொழிற்சங்கமும் விவசாயிகள் சங்கமும் மாதர், வாலிபர் அமைப்புகளும் சேர்ந்து பேசிச் செல்ல வேண்டும். வேலைவாய்ப்பு பற்றித் தரும் வாக்குறுதியில் எத்தனை நிரந்தர வேலை, எத்தனை ஒப்பந்த வேலை என்பதைப் பதிவில் கேட்க வேண்டும்.

நியமகிரியின் பன்னிரண்டு சிற்றூர்கள் மிகச் சிறியவை. அங்கே கூடியவர்களிடம் பணமோ பதவியோ இல்லை. அவர்களிடம் ஒற்றுமை இருந்தது; ஒப்புதலை மறுக்கும் உரிமையைத் தந்த ஒரு சட்டமும் இருந்தது. அந்தச் சட்டத்தைப் பெற்றுத் தந்ததில் நமக்குப் பங்குண்டு. அதனைக் காத்து, ஒவ்வோர் ஊரிலும் உயிர்ப்பிக்கும் பொறுப்பும் நம்முடையதே.